டோனி கைக்கு வராத ராவுல் எஸ்பார்சா

பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருதில் ஆண் நடிகர்களுக்கு உள்ள நான்கு பிரிவுகளிலும் பரிந்துரை பெற்றவர் ராவுல் எஸ்பார்சா. ஒருமுறைகூட விருது கைக்கு வரவில்லை. 2007இல் வராமல் போனதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்த ஆண்டு அவர் பரிந்துரை பெற்றது இசையமைப்பாளர் சோன்ட்ஹைமின் 'கம்பெனி' இசை நாடகத்துக்காக. அதை இயக்குநர் ஜான் டாயில் மேடையேற்றியபோது நடிகர்களே வாத்தியங்களையும் வாசித்தார்கள். நண்பர்கள் ஆளுக்கொரு கருவியோடு சுற்றிவர, கல்யாணத்துக்குப் பிடிகொடுக்காத பாபியாக எஸ்பார்சா பெரும்பாலும் வெறுங்கையோடு நடுவில் நிற்பார். கடைசிப் பாட்டுக்குத்தான் பியானோ முன் உட்காருவார். தயங்கித் தயங்கி விரல்கள் நகரும்; பாட்டு ஏற ஏற, உடைந்துவிடுமோ என்று நாம் பதறும் இடம்வரை குரல் போகும். பாடத் தெரிந்தவர்கள் பிராட்வேயில் ஏராளம். ஒரு மனிதனின் பயம் விலகுவதைப் பாட்டுக்குள்ளேயே நடித்துக் காட்ட எத்தனை பேரால் முடியும்? விருது 'கர்ட்டன்ஸ்' நாயகன் டேவிட் ஹைட் பியர்ஸுக்குப் போனது. அவரும் தேர்ந்த கலைஞர்தான். ஆனாலும் அந்த ஆண்டு எஸ்பார்சாவுடையது. 'லா அண்ட் ஆர்டர்: எஸ்.வி.யூ.' தொலைக்காட்சித் தொடரின் அரசு வக்கீலாக மட்டும் அவரை அறிந்தவர்கள், 'கம்பெனி'யின் ஒளிப்பதிவைத் தேடிப் பிடித்துப் பாருங்கள்.