மொழி, வாணிகத்தின் ஏவலாளா?

ஐரோப்பிய மொழி ஒன்றையும், அம்மொழி பேசுவோரின் பண்பாட்டையும், அவர்தம் வாணிகத்தையும் ஒரே பட்டத்துள் அடக்கிக் கற்பிக்கும் முறை இன்று பல்கலைக்கழகங்கள் பலவற்றில் வேரூன்றிவிட்டது. பிரெஞ்சும் வணிகமும், ஜெர்மனும் மேலாண்மையும் என இரட்டைப் பெயர் தாங்கிய பட்டங்கள் மாணவரைக் கைநீட்டி அழைக்கின்றன. நம் நாட்டிலும் மலாயாப் பல்கலைக்கழகத்தின் மொழி, மொழியியல் புலத்தில், தமிழ் பயிலும் அதே கூரையின்கீழ் பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியம், இசுபானியம் ஆகிய மொழிகளும் பட்டப் படிப்பாக அமைந்துள்ளன. வாய்ப்பு வாயிலில் வந்து நிற்கிறது. ஆனால், நம்மவரிடையே இதுபற்றி எழும் குரல்கள் இரண்டே.

"பிரெஞ்சு படித்து என்ன செய்யப் போகிறாய்? ஆங்கிலம் போதாதா?" என்பது முதற் குரல். "அந்த மொழி தெரிந்தால் பெரிய நிறுவனத்தில் கைநிறையச் சம்பளமாமே!" என்பது இரண்டாம் குரல். கேட்பதற்கு இவை ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றும். உற்று நோக்கின் இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகளே. மொழியைச் சம்பளச் சீட்டால் அளப்பதில் இரண்டுக்கும் வேறுபாடில்லை. ஒன்று, விலை போகாது என்கிறது. மற்றொன்று, விலை போகும் என்கிறது. இவ்விரண்டையும் மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆங்கிலம் போதாதா?

ஆங்கிலத்தின் ஆற்றலை மறுப்பார் இலர். ஆயினும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சி மொழிகள் 24 என்பதை நாம் மறந்துவிடலாகாது. ஒன்றியத்தின் சட்டங்கள் ஆங்கிலத்திலும் கிடைக்கின்றனவே என்பர். கிடைக்கின்றன, உண்மைதான். ஆனால், சட்டம் என்பது விளைந்து முற்றிய கனி. அதை விளைவிக்கும் மக்கள் கருத்து பாரிசிலும் பெர்லினிலும் உரோமாபுரியிலும் அவரவர் தாய்மொழியில் அன்றோ முளைவிடுகிறது? கனி வந்தபின் அதன் கசப்பைப் பற்றி முறையிடுவோர், விதை ஊன்றப்பட்டபோது எங்கே இருந்தனர்?

செம்பனையையே எடுத்துக்கொள்வோம். 2018 இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய புதுப்பிக்கத்தக்க ஆற்றல் பற்றிய நெறிமுறை, செம்பனை எண்ணெயிலிருந்து எரிபொருள் செய்வதைப் படிப்படியாகக் குறைக்க வழிகோலியது. 2020 முதல் பிரான்சு, அவ்வெரிபொருளுக்கு இருந்த வரிச் சலுகையை நீக்கியது. 2023 இல் காடழிப்போடு தொடர்புடைய பண்டங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் பிறந்தது. மலேசியா உலக வாணிக அமைப்பில் வழக்குத் தொடுத்து, 2024 இல் அதன் நடுவர் குழுவின் அறிக்கையும் வெளிவந்தது. இத்தனை ஆண்டுகளில் பிரெஞ்சு நாளேடுகளிலும் ஜெர்மன் நாளேடுகளிலும் நடந்த வாதங்களை மூலத்திலேயே படித்து, அம்மொழியிலேயே மறுமொழி எழுதியவர் நம்முள் எத்தனை பேர்? தோட்டத்தில் உழைத்தது நம் குடி. தோட்டத்தின் தலையெழுத்தைப் பற்றிய பேச்சு மட்டும் நமக்குப் புரியாத மொழியில்!

இன்னுமொன்று. இந்நாட்டில் வாணிக அளவில் முதன்முதலாகச் செம்பனை பயிரிடப்பெற்றது 1917 இல். இடம் கோல சிலாங்கூர் வட்டாரத்தில், தமிழ்ப் பெயர் தாங்கிய தென்னமரம் தோட்டம். பயிரிட்டவர் ஆன்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். அவரே பின்னாளில் 'மலேசி' என்னும் புதினத்தை எழுதி, 1930 இல் பிரான்சின் பெருமைமிக்க கோன்கூர் பரிசைப் பெற்றார். மறு ஆண்டிலேயே அந்நூல் ஆங்கிலத்திற்குச் சென்றது. பால்மரக் காடும், அதில் உழைத்த தமிழரும் பிரெஞ்சு இலக்கியத்தில் இவ்வாறு இடம்பெற்றுவிட்டனர். நம் பாட்டனும் பாட்டியும் அங்கே எவ்வாறு காட்டப்பட்டுள்ளனர் என்பதை மூலத்தில் படித்து, இது சரி, இது பிழை என்று எடுத்துரைக்கும் தகுதி நமக்கு வேண்டாவா? பிறர் மொழிபெயர்த்துத் தந்த கண்ணாடியில்தான் நம் முகத்தையே நாம் பார்க்க வேண்டுமா?

பொருள் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை, அயல்நாட்டு மாணவரிடமும் கல்விக் கட்டணம் பெறுவதில்லை. விதிவிலக்குகள் சில உண்டு. பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தைச் சாராத மாணவரிடம் அரையாண்டுக்கு 1500 யூரோ பெறுகிறது. வாழ்க்கைச் செலவுக்கான தொகையை முன்னதாக வங்கிக் கணக்கில் காட்டவும் வேண்டும். ஆயினும், இலட்சக்கணக்கில் கட்டணம் கேட்கும் ஆங்கில நாடுகளோடு ஒப்பிட்டால் இஃது எத்துணைப் பெரிய வாயில்! அவ்வாயிலின் திறவுகோல் பணமன்று, ஜெர்மன் மொழி. அங்கு இளநிலைப் பாடங்களுள் பெரும்பாலானவை அம்மொழியில்தான் நடைபெறுகின்றன. "ஆங்கிலம் போதாதா?" என்று கேட்கும் தந்தை, தன் மகளின் கையிலிருந்து அத்திறவுகோலைத் தட்டிவிடுகிறார் என்பதை உணர வேண்டும்.

கைநிறையச் சம்பளம் என்னும் மாயை

இனி, இரண்டாம் குரலுக்கு வருவோம். வயிற்றுப்பாட்டை இகழ்வது நம் நோக்கமன்று. தோட்டப்புறத்திலிருந்து நகரத்திற்கு வந்து, கடன்பட்டுப் பிள்ளையைப் படிக்கவைக்கும் பெற்றோரிடம் "வேலையைப் பற்றிக் கேளாதீர்" என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. நாம் கேட்பது வேறு. வாணிகத்திற்காக மொழி என்று சொல்லி நடத்தப்பெறும் படிப்பு, அவ்வாணிகத்திற்காவது உதவுகின்றதா?

ஐரோப்பிய மன்றம் 2001 இல் வெளியிட்ட மொழித் தகுதி வரையறை, ஏ1 தொடங்கி சி2 ஈறாக ஆறு படிகளை வகுத்துள்ளது. முதலிரண்டு படிகளில் நிற்பவர் வணக்கம் சொல்லலாம், விலை கேட்கலாம், இரயில் நிலையத்திற்கு வழி விசாரிக்கலாம். ஒப்பந்தத்தை ஆய்ந்து வாதாடவோ, ஒருவர் சொல்லாமல் விட்டதை உய்த்துணரவோ மேற்படிகளுக்கு ஏறியாக வேண்டும். கணக்கியலுக்கும் விளம்பரக் கலைக்கும் நேரத்தை வாரி வழங்கி, எஞ்சிய நேரத்தை மொழிக்குப் பிச்சையிடும் படிப்பு, மாணவனை ஏணியின் இரண்டாம் படியில் நிறுத்திவிட்டு, கையில் பட்டத்தைத் திணித்து அனுப்புகிறது. வழிகேட்கும் அளவுக்கு மொழி தெரிந்தவனை நம்பி எந்த வணிகன் தன் கருவூலத்தைத் திறப்பான்?

பண்பாட்டின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. எந்தக் கையில் முள்கரண்டி, எந்த விழாவிற்கு என்ன பலகாரம் என்பதோடு பண்பாட்டுப் பாடம் முடிந்துவிடுமானால், அது பண்பாடன்று, பயணக் கையேடு. ஜெர்மனியில் 1976 இல் இயற்றப்பெற்ற சட்டமொன்று, 2000 பேருக்கு மேல் பணிபுரியும் நிறுவனங்களின் மேற்பார்வைக் குழுவில் பாதி இடங்களைத் தொழிலாளர் தரப்பிற்கு வழங்குகிறது. அங்கே இளைஞன் ஒருவன் தொழில் கற்கும்போது, வாரத்தின் சில நாள்கள் தொழிற்கூடத்திலும் சில நாள்கள் தொழிற்பள்ளியிலும் பயில்கிறான். பிரான்சில் 1905 ஆம் ஆண்டுச் சட்டம் அரசையும் சமயத்தையும் பிரித்தது. இன்றும் அந்நாட்டுப் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் எழும் பூசல்கள் பலவற்றின் வேர் அங்கேதான் இருக்கிறது. இவை பண்பாடா, வாணிகமா? இரண்டுமே! 1954 இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தைக் கண்ட சமுதாயம், தொழிலாளி முதலாளியோடு சரிசமமாக அமரும் அவ்வேற்பாட்டின் வரலாற்றை ஜெர்மன் மொழியிலேயே ஆய்ந்தறிய ஒருவரையாவது உருவாக்கியிருக்க வேண்டாவா? மொழியின்றிப் பண்பாடு விளங்காது. பண்பாடின்றி வாணிகம் விளங்காது. வரிசையைத் தலைகீழாக்கி, வாணிகத்தை அரியணையில் ஏற்றி, மொழியை விசிறி வீச நிறுத்தினால் மூன்றுமே கெடும்.

இதற்கு இங்கிலாந்தே சான்று. 2004 இல் அந்நாடு, 14 வயதுக்கு மேற்பட்ட மாணவர்க்கு அயல்மொழிப் பாடம் கட்டாயமில்லை என அறிவித்தது. பள்ளிகளில் பிரெஞ்சும் ஜெர்மனும் பயில்வோர் தொகை சரிந்தது. ஊற்று வற்றியபின் ஆறு எங்ஙனம் ஓடும்? பல்கலைக்கழக மொழித்துறைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுருங்கின, சில மூடப்பட்டன. வேல்சு நாட்டின் கார்டிஃப் பல்கலைக்கழகம் 2025 சனவரியில் தன் நவீன மொழிப் படிப்புகளை நிறுத்தக் கருதியது. கடும் எதிர்ப்புக்குப் பின்னரே அவை சுருங்கிய வடிவில் பிழைத்தன. வருவாய்க் கணக்கைக் காட்டியே காக்கப்பெற்ற துறை, அக்கணக்கு இறங்கும் நாளில் அதே கணக்கால் வெட்டப்படும். இந்தப் பாடத்தை நம் பல்கலைக்கழகங்கள் பிறர் செலவில் இன்றே கற்றுக்கொள்ளலாம்.

அடிகளார் காட்டிய வழி

வேறு வழி உண்டா என்பார்க்கு, இம்மண்ணிலேயே விடை இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தலைவராக விளங்கியவரும், 1966 இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டியவருமான தனிநாயகம் அடிகளார் உரோமாபுரியில் பயின்றவர்; ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் வல்லவர். 1554 இல் லிசுபனில் அச்சான தமிழ் - போர்த்துகீசிய நூலைத் தமிழுலகின் கவனத்திற்குக் கொணர்ந்தவர் அவர். 1679 இல் அச்சான புரோவென்சா பாதிரியாரின் தமிழ் - போர்த்துகீசிய அகராதியை வத்திக்கான் நூலகத்திலிருந்து மீட்டெடுத்து, 1966 இல் கோலாலம்பூரிலேயே மறுபதிப்பாக வெளியிட்டார். அடிகளார் அம்மொழிகளைச் சம்பளத்திற்காகவா கற்றார்? ஆனால், அக்கல்வி தமிழுக்கு ஈட்டித் தந்த செல்வத்திற்கு விலை கூற வல்லார் யார்?

ஐரோப்பியர் நம் மொழியைக் கற்ற வரலாற்றையும் எண்ணிப் பாருங்கள். என்ரிக்கே என்ரீக்கசு 1578 இல் கொல்லத்தில் தமிழெழுத்தில் நூல் அச்சிட்டார். 1706 இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு என்னும் ஜெர்மானியர், 1715 இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றினார். அவர்கள் வந்த நோக்கம் எதுவாகவும் இருக்கட்டும். கற்ற ஆழத்தைப் பாருங்கள்! அவர்கள் நம் மொழிக்கு இலக்கணம் வரைந்தனர், அகராதி தொகுத்தனர். நாமோ அவர்கள் மொழியில் நாற்பது சொற்றொடர் கற்று, பட்டம் கேட்கிறோம்.

தமிழ் தேயுமா?

"வீட்டில் தமிழே தேய்கிறது, இதில் பிரெஞ்சு வேறா?" என்று நெஞ்சு நொந்து கேட்கும் அன்பர்களும் உளர். அவ்வச்சம் வெறும் கற்பனையன்று. தேர்வில் பாரம் குறையட்டும் என்று தமிழ்ப் பாடத்தைக் கைவிடச் செய்துவிட்டு, அதே பிள்ளையை அயல்மொழி வகுப்பிற்கு அனுப்பிப் பெருமை பேசும் பெற்றோர் நம்மிடையே உண்டு. அவர்கள் வீட்டை விற்று வாயிற்கதவு வாங்குகிறவர்கள்.

ஆயினும், குற்றம் பிரெஞ்சின்மேல் இல்லை. எட்டு வேற்றுமையைத் தமிழ்ப்பள்ளியில் கற்ற மாணவன், ஜெர்மன் மொழியின் நான்கு வேற்றுமையைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. வினையை ஈற்றில் வைத்துப் பேசிப் பழகியவனுக்கு, ஜெர்மன் துணைவாக்கியத்தில் வினை இறுதிக்குச் செல்வது புதுமையுமன்று. தமிழை ஆழக் கற்றவனுக்கே பிற மொழியும் ஆழமாகக் கைவரும்.

ஆகவே, நாம் கேட்பன இவை. பல்கலைக்கழகங்கள் இத்தகைய பட்டங்களில் மொழிக்கே முதலிடம் தருக. அம்மொழி வழங்கும் நாட்டில் ஓராண்டேனும் மாணவர் பயில வகை செய்க. ஆய்வேட்டை அம்மொழியிலேயே எழுதச் செய்க. நம் சமுதாய அறநிறுவனங்கள் மருத்துவத்திற்கும் சட்டத்திற்கும் வழங்கும் உதவித்தொகையில் ஒரு சிறு பங்கையாவது மொழி பயில்வோர்க்கு ஒதுக்குக. எழுத்தாளர்களுக்கும் கடமை உண்டு. காம்யுவின் 'அந்நியன்' 1980 இல் பிரெஞ்சிலிருந்து நேரடியாகத் தமிழுக்கு வந்ததே. அத்தகைய முயற்சி மலேசியாவிலிருந்தும் எழல் வேண்டும். நம் தோட்டங்களைப் பற்றிய ஃபோக்கோனியேயின் புதினத்தை மூலத்திலிருந்து தமிழாக்கும் கை, நம் பிள்ளைகளுள் ஒருவருடைய கையாக இருக்கட்டும்.

கடல் கடந்து பொருள் தேடச் சொல்லிக் கொடுத்த இனம் நம் இனம். பொருளைத் தேடுவோம்; தவறில்லை. ஆனால், அயலான் வீட்டு வாயிலில் நின்று விலை மட்டும் பேசித் திரும்புகிறவனுக்கு அவன் கொடுப்பது கூலி. உள்ளே சென்று, அவன் மொழியில் அவனோடு வாதாடத் தெரிந்தவனுக்கே அவன் ஆசனம் இடுவான். நம் பிள்ளைகள் எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பெற்றோரும் பல்கலைக்கழகங்களும் இன்றே முடிவு செய்க.