கல்லு மாதிரி காத்து எதுக்கு?

அண்ணாமலை நகரில் சைக்கிள் ஓட்டும் மாணவர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. டயர் ஒல்லியாக இருந்தால் வண்டி பறக்கும், காத்து கல்லு மாதிரி இருந்தால் இன்னும் பறக்கும்! கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பார்கள். லேசாக அமுங்கினாலே போச்சு... "அண்ணே, இன்னும் கொஞ்சம் அடிங்க!"

வழவழப்பான ரோட்டில் இது ஓரளவு சரி. ஆனால் மக்களே, கிள்ளை வழியாக பிச்சாவரம் போகிற பாதை அப்படியா இருக்கிறது? தார் கொஞ்சம், பெயர்ந்த ஜல்லி கொஞ்சம், பஸ்ஸுக்கு ஒதுங்கினால் களிமண், கடலை நெருங்க நெருங்க மணல். அறுவடை சமயத்தில் ரோட்டிலேயே வைக்கோல் வேறு :-)

கல்லு டயர் ஜல்லியில் ஏறும்போது அமுங்காது. அதனால் வண்டியும் ஆளும் சேர்ந்து மேலே எகிற வேண்டியிருக்கிறது. மிதித்த மிதியில் ஒரு பங்கு முதுகைக் குலுக்கவே செலவு. சுத்த நஷ்டக் கணக்கு! அமுங்குகிற டயர் கல்லை விழுங்கிவிட்டு உருண்டுகொண்டே போகும். மணலில் ஒல்லி டயர் கத்தி மாதிரி இறங்கும், அகல டயர் மேலே நிற்கும்.

பிரான்ஸில் 1896 முதல் நடக்கும் பாரி-ரூபே பந்தயத்தில் கருங்கல் பாவிய பாதைகள் உண்டு. அங்கே ஓட்டுகிற சூரர்களே இன்று 30 மி.மீ.க்கு மேல் அகலமான டயர்தான் போடுகிறார்கள். அவர்களை விடவா இங்கே வேகம் வேண்டும்?

தமிழக அரசு 2005-06 முதல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் மாணவ மாணவியர் எல்லோருக்கும் என்று விரித்த இலவச சைக்கிளை "கவர்மெண்டு வண்டி" என்று நக்கல் அடிப்பவர்கள் நிறைய. அதை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டு, கடன் வாங்கி 23 மி.மீ. டயர் வண்டி எடுப்பது புத்திசாலித்தனமாம்! கிராமத்து மண் ரோட்டுக்கு ஏற்ற அகல டயர் விற்ற வண்டியில்தான் இருந்தது.

காத்தையும் ஒரேயடியாகக் குறைக்கக் கூடாது. பள்ளத்தில் ரிம் தரையில் இடித்தால் டியூபில் பாம்பு கடித்த மாதிரி ரெண்டு ஓட்டை விழும். அறுபது கிலோ ஆளுக்கு, ஒன்றரை அங்குல டயரில், பின்னால் 45, முன்னால் 35 பிஎஸ்ஐ வைத்து ஆரம்பிக்கலாம். பாரம் பின்சக்கரத்தில்தான் அதிகம். டபுள்ஸ் அடிப்பதாக இருந்தால் மட்டும் பின் டயரில் கூட்டிக்கொள்ளலாம், அதுவும் டயர் ஓரத்தில் எழுதியிருக்கும் அளவைத் தாண்டாமல்.