மனோரஞ்சித வாழையை மணத்தால் அறிதல்

நாமக்கல் ஜில்லாவைச் சேர்ந்த கொல்லிமலையில் பயிராகும் வாழை ரகங்களுள் மனோரஞ்சிதம் தனிச் சிறப்புடையது. சந்தவாழை என்ற பெயரும் இதற்கு உண்டு. பழுத்த தார் வீட்டில் இருப்பின், அதன் மணம் வாயிலில் வருவோருக்கே தெரிந்துவிடும். ஆயினும் மலைக்கு வெளியே இதனை அறிந்தவர் சிலரே. அறிந்தவர் குறைந்த இடத்தில் வேறு பழமும் இப்பெயரால் விலைபோவது எளிது. கன்று வாங்குவோர் ஏமாறுவதும் எளிது. கன்றைப் பார்த்து ரகத்தைத் துணிவது கடினம். தவறு தெரிவது தார் பழுத்த பின்னரே. அதற்குள் ஓராண்டு உழைப்பும் உரமும் வீணாகிவிடும். ஆகையால் பெயரை நம்பாமல், தாய்மரத்தின் பழத்தை முகர்ந்தும் சுவைத்தும் பார்த்த பின்னரே கன்று வாங்குதல் வேண்டும்.

மணத்தைக் கொண்டு ரகத்தை அறிவது புதிய வழக்கமன்று. கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் மஸ்கட் ஹாம்பர்க் என்னும் கருந்திராட்சைக்குப் பன்னீர்த் திராட்சை என்று பெயர். ரோஜா மலரிலுள்ள ஜெரானியால் என்னும் வாசனைப் பொருள் மஸ்கட் இனத் திராட்சைகளிலும் உண்டு. ஆகவே அப்பெயர் வெறும் அலங்காரமன்று. பெங்களூர் புளூ திராட்சை நிறத்தில் இதனை ஒத்திருப்பினும், வேறுவகை நெடியால் உடனே பிரிந்து நிற்கும். கம்பம் பன்னீர்த் திராட்சை 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றது.

வாழையில் சோதிக்கும் முறை எளிது. கல் வைத்துப் பழுக்கச் செய்த பழம் உதவாது. தோல் மஞ்சளித்தாலும் மணம் குறைந்திருக்கும். நன்கு முற்றித் தானாகப் பழுத்த தாரின் நடுச் சீப்பிலிருந்து பழம் எடுத்து, ஐயமற்ற மனோரஞ்சிதப் பழம் ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வெற்றிலை, புகையிலை, காப்பி ஆகியவை வாயில் படாத காலை வேளை நல்லது. உரிக்குமுன் ஒரு முறையும் உரித்தபின் ஒரு முறையும் முகர்ந்து, அதன் பின்னரே சுவைத்தல் வேண்டும். எந்தத் தோட்டத்துப் பழம் என்று சொல்லாமல் மூவரைத் தனித்தனியே சோதிக்கச் செய்து, மூவரும் ஒத்துக் கூறினால் ஏற்கலாம்.

மணம் மட்டும் போதாதென்று சிலர் கூறுவர். அது ஒருவாறு உண்மையே. பழத்தின் பக்குவமும் நிலத்தின் இயல்பும் மணத்தைக் கூட்டவும் குறைக்கவும் கூடும். ஆகவே மரத்தின் நிறம், தாரின் அமைப்பு, காயின் நுனி ஆகியவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தல் அவசியம். தவிர, முடிக்கொத்து நோய் கன்றின் வழியே பரவுவது. கீழ்ப்பழனி மலையில் விருப்பாட்சி வாழை 1970-களில் இந்நோயால் பேரழிவுற்றதை மறத்தலாகாது. எவ்வளவு மணமுள்ள மரமாயினும், நோய்க்குறி காணப்படின் அதிலிருந்து கன்று எடுக்கலாகாது.

கிராம அதிகாரிகள் பயிர்க் கணக்கில் வாழை என்று எழுதுவதோடு அமையாமல், இவ்வாறு தேறிய தாய்மரங்கள் எந்தத் தோட்டத்தில் உள்ளன என்று தனியே குறித்து வைப்பாராயின், கன்று வேண்டுவோர்க்குப் பேருதவியாகும். மணத்தால் வந்த பெயர் மலைக் குடியானவர்களின் சொத்து. அப்பெயர் கெட்டால் விலையும் கெடும்.