பிள்ளை ஈட்டுப் பொருளா?

"போனது போகட்டும், இன்னொன்று பெற்றுக்கொள், துக்கம் தானாக ஆறிவிடும்." பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் நம் சமூகம் சொல்லும் ஆறுதல் இதுதான். சொல்பவர்கள் கல்நெஞ்சர் அல்லர். அழுகையைக் காணப் பொறாதவர்கள். ஆயினும், இந்தச் சொல்லுக்குள் பதுங்கியிருக்கும் பிழை பெரிது. அதை எதிர்த்துப் பேசாமல் இனியும் வாளாவிருப்பது நமக்கு அழகன்று.

2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட உயிர்களை வாரிச் சென்றது. அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், நம்பியார் நகர், வேளாங்கண்ணி எனக் கரை நெடுகிலும் மாண்டவர்களில் ஓடவும் நீந்தவும் வலுவற்ற சிறுவர்கள் மிகப் பலர். அவர்களின் தாயரில் பலர், இரண்டு அல்லது மூன்று பிள்ளைகளோடு போதுமென்று ஏற்கெனவே குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டவர்கள். கருக்குழாயை மீண்டும் இணைக்கும் அறுவையை அவர்களுக்கு இலவசமாகச் செய்துதர அரசு முன்வந்தது. முப்பதைக் கடந்தவர்களும், நாற்பதை நெருங்கியவர்களும் மீண்டும் தாயாவதா என்ற கேள்வியின்முன் நிறுத்தப்பட்டார்கள்.

அந்த உதவியை நாம் குறைகூறவில்லை. அந்த அறுவையால் மீண்டும் தாயாகி மகிழ்ந்தவர்கள் உண்டு. அப்பிள்ளைகள் இன்று கல்லூரி வயதை எட்டியிருக்கிறார்கள். அவர்களை அளித்த இறைவனுக்கு நன்றி. நாம் கேட்பது வேறு. அந்த முடிவை எடுத்தவர் யார்? தாயா? அல்லது மாமியாரின் முணுமுணுப்பும், வம்சம் அறுந்துவிடுமோ என்ற கணவனின் அச்சமும், "இன்னுமா போகவில்லை?" என்று வாசலில் நின்று விசாரித்த ஊராருமா? ஈமச் சடங்கின் ஈரம் காயுமுன் ஒருத்தியின் கருப்பையைப் பற்றி ஊர்கூடி யோசனை சொல்வது எவ்வகை இரக்கம்?

இத்தகைய வேளைகளில் நம்மவர் தவறாது துணைக்கு அழைப்பது யோபுவை. "யோபு இழந்ததையெல்லாம் ஆண்டவர் இருமடங்காகத் திருப்பித் தந்தார்" என்பார்கள். நூலைத் திறந்து எண்ணிப் பார்க்கட்டும். ஆடுகள் ஏழாயிரம் இருந்தன, பதினாலாயிரம் ஆயின. ஒட்டகங்கள் மூவாயிரம் இருந்தன, ஆறாயிரம் ஆயின. ஏர்மாடுகளும் கழுதைகளும் அவ்வாறே இரட்டித்தன. பிள்ளைகள் மட்டும் இரட்டிக்கவில்லை. முன்பு ஏழு மகன்களும் மூன்று மகள்களும்; பின்பும் ஏழு மகன்களும் மூன்று மகள்களுமே. இது எழுதியவரின் கணக்குப் பிழையா? அன்று. இழந்த ஆட்டுக்கு ஈடாக ஆடு தரலாம். இழந்த மகனுக்கு ஈடாக மகனைத் தர இயலாது. முதற் பதின்மரும் இறைவனிடம் யோபுவின் பிள்ளைகளாகவே இருக்கிறார்கள் என்று பழைய விரிவுரையாளர்கள் இதற்கு விளக்கம் தந்தனர். பின்வந்த மகள்கள் மூவருக்கும் அவரவர்க்கு உரிய பெயரையும், சகோதரரோடு சொத்தில் பங்கையும் யோபு கொடுத்தார் என்று அதே நூல் குறிப்பிடுகிறது. இறந்தவர்களின் நிழலாக அவர்கள் வளர்க்கப்படவில்லை.

பிள்ளையை ஈடாகக் கருதும் மனப்பான்மை ஆழிப்பேரலையோடு ஒழிந்துவிடவுமில்லை. நாற்பது வயதில் இன்னொரு பிள்ளை வேண்டுமா என்று யோசிக்கும் தம்பதியரிடம் நம் உறவினர் அடுக்கும் காரணங்களைக் கேளுங்கள். இரண்டும் பெண்ணாகிவிட்டதே, கொள்ளி வைக்க ஓர் ஆண் வேண்டாமா? ஒற்றைப் பிள்ளைக்குத் துணை வேண்டாமா? முதுமையில் கஞ்சி ஊற்ற ஆள் வேண்டாமா? மனைவியிடம் ஒட்டாத கணவனைக் கட்டிப்போட ஒரு கயிறு வேண்டாமா? இவற்றுள் ஒன்றிலேனும் பிறக்கப்போகும் குழந்தையைப் பற்றிய நினைவு இருக்கிறதா? வேறெவருடைய குறையையோ நிரப்பும் பண்டமாகவே அது அழைக்கப்படுகிறது. குழந்தை ஒரு கொடை. எவரும் உரிமை கொண்டாடிக் கேட்கும் பொருளன்று என்று 1987-இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் விடுத்த அறிவுரை தெளிவாகவே உரைத்தது.

கருத்தரிப்பு மையங்களின் விளம்பரப் பலகைகளோ மறுபுறம் நின்று அழைக்கின்றன. சிரிக்கும் குழந்தையின் படம் பெரிதாக இருக்கும்; வயது ஏற ஏறச் சொந்தக் கருமுட்டையால் தாயாகும் வாய்ப்பு விரைந்து குறைவதும், நாற்பதின் பிற்பகுதியில் நிகழும் செயற்கைக் கருத்தரிப்புகளில் பெரும்பாலானவை மற்றொருத்தியின் முட்டையால் ஆவதும் அதில் இராது. 2019-இல் குண்டூரில் எழுபது கடந்த மூதாட்டி ஒருவர் இரட்டைக் குழந்தைகள் பெற்றதைச் சாதனை என்று நாளேடுகள் போற்றின. அக்குழந்தைகளுக்கு இருபது வயதாகும்போது தாயின் வயது என்ன என்று கூட்டிப் பார்த்தவர் எத்தனை பேர்? 2021-இல் வந்த சட்டம் இச்சிகிச்சைக்குப் பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 என்று வயது வரம்பு விதித்தது. நம் திருச்சபை இச்சிகிச்சை முறையையே ஏற்பதில்லை. ஏற்காதவர்க்கும் ஏற்பவர்க்கும் பொதுவான கேள்வி ஒன்றுண்டு: பிள்ளையின் நலன் எங்கே எண்ணப்படுகிறது?

"அப்படியானால், காலங்கடந்த பிள்ளையே வேண்டாம் என்கிறீர்களா?" என்று கேட்பீர்கள். இல்லை. அதற்கு நேர்மாறான கொடுமையும் நம் ஊர்களில் உண்டு. மணவயதில் மகள் இருக்க, நாற்பத்து மூன்று வயதில் கருவுற்ற தாயை ஊர் படுத்தும் பாட்டை அறியோமா? "பேரன் எடுக்கும் வயதில் பிள்ளையா?" என்ற ஏளனத்துக்கு அஞ்சிக் கருவைக் கலைத்துவிடத் துணிபவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பாவத்தில் கேலி பேசிய நாக்குகளுக்குப் பங்கில்லையா? மருத்துவரின் எச்சரிக்கை மெய்யே. இருபத்தைந்து வயதுத் தாய்க்கு ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஒன்றாக இருக்கும் டவுன் நோய்க்குறி, நாற்பதில் நூற்றுக்கு ஒன்றாகவும், நாற்பத்தைந்தில் முப்பதுக்கு ஒன்றாகவும் உயர்கிறது. கருச்சிதைவும் இரத்தக் கொதிப்பும் மிகுகின்றன. தந்தையின் வயதுக்கும் இதில் பங்குண்டு. ஆனால் அதை எவரும் பேசுவதில்லை. இவற்றைத் தம்பதியர் அறிந்திருக்க வேண்டும். அறிவது அஞ்சி ஒடுங்குவதற்கன்று, கண்திறந்து முடிவெடுப்பதற்கு.

முடிவெடுக்க வேண்டியவர் யார் என்பதிலும் திருச்சபைக்கு ஐயமில்லை. தங்கள் நலன், பிறந்த பிள்ளைகளின் நலன், பிறக்கவிருக்கும் பிள்ளைகளின் நலன், காலத்தின் நிலை ஆகியவற்றை எடைபோட்டு, இறைவன் திருமுன் இறுதி முடிவு காண வேண்டியவர்கள் பெற்றோரே என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. 1968-இல் திருத்தந்தை ஆறாம் பவுலின் சுற்றுமடலும் தாராள மனத்தோடு பல பிள்ளைகளை ஏற்போரையும், தக்க காரணங்களுக்காக அறநெறிக்கு உட்பட்டு மேலும் ஒரு பிறப்பைத் தவிர்ப்போரையும் பொறுப்புள்ள பெற்றோராகவே மதித்தது. மாமியாருக்கும், பக்கத்து வீட்டாருக்கும், ஏன், பங்குத்தந்தைக்கும்கூட அங்கே நாற்காலி போடப்படவில்லை. கணவனுக்கு ஒரு நாற்காலி உண்டு. ஆனால் ஒன்றே ஒன்று. தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கருத்தடை அறுவை செய்துகொண்டிருக்க, ஆண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட அதற்கு முன்வராததைத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு காட்டுகிறது. அறுவையைத் திருச்சபை ஏற்காது. அது ஒருபுறம் இருக்கட்டும். வெட்டும்போதும் அவள் உடல், இணைக்கும்போதும் அவள் உடல். முடிவு மட்டும் அவன் வாயில் என்பது எந்த நீதி?

ஆகவே, நம் பங்குகளில் சில வழக்கங்கள் மாறியாக வேண்டும். "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கோவில் முற்றத்தில் வழிமறித்துக் கேட்பது நிற்கட்டும். மணத் தயாரிப்பு வகுப்புகளில் வயதையும் கருவளத்தையும் பற்றி மருத்துவர் ஒருவர் மணமக்கள் இருவருக்கும் சேர்த்தே உரைக்கட்டும். பிள்ளையை இழந்த வீட்டில் முதலாண்டு முழுவதும் அறிவுரை வேண்டாம். இறந்த பிள்ளையின் பெயரைச் சொல்லித் திருப்பலி ஒப்புக்கொடுப்போம், அதுவே போதும். பெறுவதில்லை என்று முடிவு செய்தவர்களையும், தத்தெடுத்தவர்களையும் குறைப்பட்டவர்களாக நோக்கும் பார்வை ஒழியட்டும். பின்னர் ஒரு குழந்தை பிறந்தால், இறந்த அண்ணனின் பெயரையும் சட்டையையும் அதற்கு அணிவிக்காமல், புதிய பெயரால் அழைப்போம்.

முதுமையில் கருவுற்ற எலிசபெத்து ஐந்து மாதம் வெளியே தலைகாட்டாதிருந்தார் என்று லூக்கா எழுதுகிறார். பிள்ளை பிறந்தபோது அயலாரும் உறவினரும் அவரோடு சேர்ந்து மகிழ்ந்தனர் என்றும் அவரே எழுதுகிறார். அயலாருக்கு அந்நற்செய்தி தந்த பங்கு மகிழ்வது மட்டுமே. முடிவு செய்வது அவர்கள் வேலையாக இருந்ததில்லை. நம் வேலையும் அன்று.