எரிபொருளில் கொள்ளை, மின்காருக்குச் சலுகை

பெட்ரோல் விலையை 2010இல் காங்கிரஸ் அரசும், டீசல் விலையை 2014இல் பாஜக அரசும் சந்தையிடம் ஒப்படைத்தன. ஆனால் 2020இல் கச்சா எண்ணெய் விலை சரிந்தபோது பலன் மக்களைச் சேரவில்லை. 2014 மே மாதத்தில் லிட்டருக்கு ரூ.9.48 ஆக இருந்த பெட்ரோல் கலால் வரி, ரூ.32.98 ஆக உயர்த்தப்பட்டது. ஏற்றம் மக்களுக்கு, இறக்கம் கஜானாவுக்கு!

இப்போது மின்காரே மாற்று என்று உபதேசிக்கிறார்கள். 2019 ஆகஸ்ட் முதல் மின்வாகனங்களுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். கோடி ரூபாய் சொகுசுக் காருக்கும் அதே சலுகைதான். கார் வாங்க இயலாத தொழிலாளியோ இருசக்கர வாகனத்துக்கு ஊற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் வரி கட்டுகிறார்.

மின்வாகனம் தேவையே. அது முதலில் அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் பேருந்தாக, தனியார் ஒப்பந்ததாரரின் பிடியின்றி வரவேண்டும். கலால் வரியைக் குறைக்கவும், பொதுப் போக்குவரத்துக்கு நிதி ஒதுக்கவும் கோரும் போராட்டங்கள் நாடெங்கும் வலுப்பெற வேண்டும்.