பெடலை விடுங்க, கிளீட்டைப் பாருங்க
ரோடு பைக் ஓட்டுறவங்க முட்டி வலின்னு வந்தா, ஷூவையும் எடுத்துட்டு வரச் சொல்வேன். சிலர் சிரிப்பாங்க.

"கிளிப்லெஸ் பெடல் எத்தனை வருஷம் வரும் டாக்டர்?" என்று கேட்பார்கள். நல்ல பெடல் பல வருஷம் வரும். கையால் சுற்றும்போது கரகரத்தாலோ, பக்கவாட்டில் ஆடினாலோ பேரிங்கைப் பாருங்க.

அதற்கு ரொம்ப முன்னாடியே தேய்வது ஷூவுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் கிளீட். மிதிச்சுத் தேயுறதைவிட டீக்கடைக்கு நடந்து தேயுறதுதான் அதிகம்!

ஷிமானோவின் மஞ்சள் கிளீட் மாட்டினால் பாதம் 6 டிகிரி வரை திரும்பலாம். நீலத்தில் 2, சிவப்பில் 0. தேய்ந்துபோனால் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. நிமிஷத்துக்கு 90 சுற்று மிதித்தால் ஒரு மணி நேரத்தில் 5,400 தடவை. அத்தனை தடவையும் பாதம் ஆடினால் அந்தச் சுமை முட்டிக்குத்தான். எழுந்து நின்று மிதிக்கும்போது படக்கென்று கழன்றால் காறை எலும்பே உடையலாம்.

பெடலுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிச்சிட்டு கிளீட்டில் மிச்சம் பிடிக்கிறது எனக்குப் புரியவே இல்லை. நிறப் பகுதி தேய்ஞ்சு போச்சா, மாத்திடுங்க. கழற்றும் முன் பழையதைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டுக்கோங்க. இடம் மாறினா அடுத்த வாரம் வேற வலியோட வருவீங்க.