விமானியின் மனமும் பயணியின் உயிரும்

கடல் வாணிகத்தில் சிறந்து விளங்கிய பண்டைத் தமிழர், கலம் செலுத்துவோனை ‘நீகான்’ என்று அழைத்தனர். அகநானூற்றின் 255ஆம் பாட்டில் மதுரை மருதன் இளநாகனார், கரையிலுள்ள மாடத்தில் எரியும் விளக்கொளியைக் கொண்டு துறையறிந்து கலம் செலுத்தும் நீகானைக் காட்டுகின்றார். கைதேர்ந்த நீகானுக்கும் கரையிலிருந்து ஓர் ஒளி வேண்டியிருந்தது என்பது ஈண்டு எண்ணத்தக்கது. இன்று கலம் வானில் செல்கின்றது. அதனைச் செலுத்துவோர்க்குத் தரையிலுள்ளோர் ஒளி காட்டுகின்றனரா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

நம் ஊர்களில் வானூர்திப் பயணம் செல்வர்க்கு மட்டும் உரியதன்று. வளைகுடா நாடுகளில் உழைக்கும் தந்தையரும் தமையன்மாரும், ஹஜ், உம்ரா கடமைகளுக்குச் செல்லும் முதியோரும் அதனையே நம்பியுள்ளனர். வழியனுப்பிவிட்டு வீடு திரும்பும் தாய்மார் இயந்திரக் கோளாற்றை எண்ணி அஞ்சுவர். புயலையும் மழையையும் எண்ணி அஞ்சுவர். இயக்குபவரின் உள்ளம் எந்நிலையில் உள்ளது என்று எண்ணுவார் மிகச் சிலரே.

2015 மார்ச் 24 அன்று பார்சிலோனாவிலிருந்து டுசல்டார்ஃப் நோக்கிச் சென்ற ஜெர்மன்விங்ஸ் விமானம் பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் மோதி நொறுங்கியது. 150 பேர் மாண்டனர். கல்விப் பயணம் முடித்துத் திரும்பிய ஒரே பள்ளியின் 16 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் அவர்களுள் அடங்குவர். தலைமை விமானி அறையை விட்டு வெளியே சென்ற வேளையில், துணை விமானி கதவைத் தாழிட்டு விமானத்தை வேண்டுமென்றே கீழிறக்கினார் என்று பிரெஞ்சுப் புலனாய்வு அமைப்பு முடிவு செய்தது. 2001 செப்டம்பர் 11க்குப் பின் வெளிப்பகையைத் தடுக்க வலுப்படுத்தப்பட்ட கதவு, உள்ளிருந்த நோய்க்கு அரணாகிவிட்டது. கதவுக்குப் பூட்டு அமைத்த உலகம், மனத்திற்குத் திறவுகோல் அமைக்க மறந்தது.

அவ்வறிக்கை கூறும் பிற செய்திகள் இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கன. அத்துணை விமானி முன்னரே மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றவர். அந்நோய் மீண்டால் மருத்துவச் சான்று செல்லாது என்னும் நிபந்தனையோடு பறந்தவர். பயிற்சிக்காக ஏறத்தாழ 41,000 யூரோ கடன் பெற்றவர். விபத்துக்கு இரு வாரங்களுக்கு முன், மனநல மருத்துவமனையில் சிகிச்சை பெறுமாறு ஒரு மருத்துவர் அறிவுறுத்தினார். பணிக்குச் செல்ல வேண்டா என்னும் மருத்துவச் சான்றும் அவர் கையில் இருந்தது. அவர் அதனை நிறுவனத்திடம் தரவில்லை. எந்த மருத்துவரும் அதிகாரிகளுக்குத் தெரிவிக்கவுமில்லை. உரிமம் போனால் ஊதியமும் போகும், கடனோ நிற்கும் என்னும் நிலையில் ஒருவர் தம் நோயை மறைத்தார். 149 உயிர்களைப் பறித்த கொடுஞ்செயலை எக்காரணமும் நியாயப்படுத்தாது. ஆயினும், மறைப்பதையே ஆதாயமாக்கி வைத்திருக்கும் ஓர் அமைப்பு பழியினின்று முற்றிலும் தப்பிவிட இயலாது.

மறைத்தல் எத்துணை எளிது என்பதை நான் அறிவேன். எம்.ஃபில். ஆய்வேடு எழுதிய காலத்தில் பல மாதங்கள் உறக்கமின்றித் தவித்தேன். எழுத அமர்ந்தால் காரணமின்றிக் கண்ணீர் வரும். உள்ளூர் மருத்துவரிடம் சென்றால் ஊர் அறியுமென்று அஞ்சிப் பேருந்தேறி வெளியூர் சென்றேன். வீட்டில் நூலகம் செல்வதாகச் சொன்னேன். ‘பைத்தியம்’ என்னும் ஒரு சொல்லுக்கு அஞ்சியே இத்தனையும் செய்தேன். என் கையில் இருந்தது எழுதுகோல் மட்டுமே. ஒரு சொல்லுக்கே நான் அவ்வாறு அஞ்சினேன் எனில், உண்மையைச் சொன்ன மறுநாளே வாழ்வாதாரம் பறிபோகும் என்றிருக்கும் விமானி வாய் திறப்பாரா?

திறப்பதில்லை என்பதற்குச் சான்று உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெயர் கேளாமல் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், மனநலம் பற்றிய வினாக்களுக்கு விடையளித்த 1,848 விமானிகளுள் 12.6 விழுக்காட்டினர் மனச்சோர்வுக்குரிய அளவைத் தொட்டிருந்தனர். 4.1 விழுக்காட்டினர்க்கு அண்மைய இரு வாரங்களில் தற்கொலை எண்ணம் தோன்றியிருந்தது. இவர்கள் பணியிலிருந்த மனிதர்கள். 2023 அக்டோபரில் அமெரிக்காவில், பணியில் இல்லாது விமானி அறையின் கூடுதல் இருக்கையில் பயணம் செய்த ஒரு விமானி, நடுவானில் இயந்திரங்களை நிறுத்த முயன்றார், பணியிலிருந்தோர் தடுத்துவிட்டனர். இரு நாள்களுக்கு முன் போதைக் காளான் உண்டிருந்த அவர், உரிமம் இழக்கும் அச்சத்தாலேயே மனச்சோர்வுக்கு மருத்துவம் நாடவில்லை என்று பின்னர்க் கூறினார்.

பணியின் மனக்குறைகளையும் இதனோடு சேர்த்தே எண்ண வேண்டும். நம் நாட்டில் விமானிப் பயிற்சிக்குப் பல இலட்சங்கள் கடன்பட வேண்டியுள்ளது. வேலை பிடிக்காவிடில் உடனே விலகவும் இயலாது. தலைமை விமானி ஓராண்டும் துணை விமானி ஆறு மாதங்களும் முன்னறிவிப்புத் தர வேண்டுமென 2017இல் விதி செய்யப்பட்டது. இரவுப் பணியும் குறைந்த ஓய்வும் உடலை வருத்துவன. உடலின் களைப்பு உள்ளத்தைச் சாய்க்கும். வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தும் புதிய விதிகள் 2024 சனவரியில் அறிவிக்கப்பட்டன. அவை முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது, போதிய விமானிகளை ஆயத்தம் செய்யாத இண்டிகோ நிறுவனம் 2025 டிசம்பரில் ஆயிரக்கணக்கான பயணங்களைக் கைவிட்டது. பயணிகள் பட்ட துன்பம் பெரிது. ஆனால், அத்துன்பத்தைக் காட்டி விதி தற்காலிகமாகத் தளர்த்தப்பட்டது. களைத்தவர்க்கு உரிய ஓய்வே விலையாகத் தரப்பட்டது என்பதை நாம் போதிய அளவு கவனிக்கவில்லை.

பிறிதொரு தீங்கையும் ஈண்டுச் சுட்ட வேண்டும். விபத்து நேர்ந்தவுடன் விமானியின் மனநிலையைப் பற்றி ஊர்வாய் தீர்ப்பு எழுதிவிடுகின்றது. 1999 அக்டோபர் 31 அன்று எகிப்து விமானம் அட்லாண்டிக் கடலில் வீழ்ந்து 217 பேர் மாண்டனர். இறுதி வேளையில் துணை விமானி ‘தவக்கல்து அலல்லாஹ்’ என்று சொன்ன ஒலிப்பதிவைக் கொண்டே அவரைக் குற்றவாளியாக்கினர் பலர். எச்செயலைத் தொடங்கும்போதும், இடர் வரும்போதும் முஸ்லிம்கள் இயல்பாகச் சொல்லும் சொல் அது. துணை விமானியின் இயக்கமே வீழ்ச்சிக்குக் காரணம் என அமெரிக்க அமைப்பு முடிவு செய்தது. அதன் நோக்கம் இன்னதென அதுவும் உரைக்கவில்லை. எகிப்து அம்முடிவையே ஏற்கவில்லை. 2025 சூன் 12இல் அகமதாபாத்தில் 260 உயிர்களைப் பறித்த விபத்தின் முதற்கட்ட அறிக்கை எவர்மீதும் பழி சுமத்தவில்லை. அதற்குள் மாண்டுபோன விமானியின் மனநலம் சந்திக்கு வந்துவிட்டது. அவ்விபத்து நிகழ்ந்த நான்காம் நாளில் ஏர் இந்தியா விமானிகள் 112 பேர் உடல்நலமில்லையென விடுப்பெடுத்தனர். அவ்விடுப்புக்குள் எத்துணைத் துயரம் இருந்ததோ! மனநோயைப் பழிச்சொல்லாக வீசும் ஒவ்வொரு முறையும், உயிரோடிருக்கும் விமானிகளின் வாயை நாம் அடைக்கின்றோம்.

“ஐயத்திற்குரிய எவரையும் பறக்கவிடாதீர், கடுமையாகச் சோதித்து நீக்குங்கள்” என்பார் உண்டு. பயணியின் அச்சத்திலிருந்து பிறக்கும் அக்கூற்றை எளிதில் தள்ளிவிட முடியாது. நோய் முற்றியவர் விமானம் செலுத்தலாகாது என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால், ஆண்டிற்கொருமுறை நிகழும் சோதனை, மறைக்க முனைந்தவரைக் கண்டுபிடித்துவிடும் என்பதற்கு உறுதியில்லை. ஜெர்மன்விங்ஸ் துணை விமானியும் சோதனைகளைக் கடந்தே வந்தார். தண்டனை கடுமையாகக் கடுமையாக, மறைப்பும் ஆழமாகும்.

செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, விமானி தம் துயரைச் சக விமானியிடம் மறைவாகச் சொல்லி உதவி பெறும் ஏற்பாடு. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் விதி வகுத்து, 2021 பிப்ரவரி முதல் இதனைக் கட்டாயமாக்கியுள்ளது. இரண்டாவது, சிகிச்சை பெற்றுத் தேறியவர் பணிக்குத் திரும்பும் வழியும், அதுவரை ஊதியப் பாதுகாப்பும். மனச்சோர்வு மருந்துகள் நான்கனுள் ஒன்றை உட்கொள்வோர் கண்காணிப்புடன் பறக்க அமெரிக்கா 2010இலேயே இசைந்தது. மூன்றாவது, பலர் உயிருக்கு ஊறு நேரும் என்று தெளிந்த மருத்துவர், நோயாளியின் இரகசியத்தை மீறி உரியவரிடம் அறிவிக்கத் தெளிவான சட்டம். முதலிரண்டும் இல்லாமல் மூன்றாவதை மட்டும் செய்தால், விமானிகள் மருத்துவரிடமும் உண்மை பேசமாட்டார்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டே இறைவன்மேல் பொறுப்புச் சாட்ட வேண்டும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய நெறி. தவக்குல் என்பது கடமையைக் கைவிடுவதன்று. அரசும் நிறுவனங்களும் கட்ட வேண்டிய கயிற்றை மேலே கூறினேன். நாம் கட்ட வேண்டிய கயிறும் ஒன்றுண்டு. மாணவச் செல்வங்களே! உங்களுள் ஒருவர் நாளை விமானியாகலாம், மருத்துவராகலாம், பேருந்து ஓட்டுநராகலாம். உள்ளம் நோகும்போது அதனை நாணமின்றிச் சொல்லப் பழகுங்கள். ஊர்ப் பெரியோர்களே! அவ்வாறு சொல்ல வரும் பிள்ளையைப் ‘பைத்தியம்’ என்னாது, அருகிருத்திக் கேளுங்கள். துறையில் நாம் ஏற்றி வைக்கும் விளக்கு அதுவே.